கோலப்பொடியில் ஒரு மஞ்சள் வட்டம்

காட்டிக்கொடுத்தது நான்தான். ரோசி அல்ல.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. அதையும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல், முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழைகள் இப்படித்தான் உண்மை பேசுவார்கள் போலும்!

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே நான் படித்த கல்வி நிறுவனம். வளர்ச்சி ஆய்வியல் முதுகலை. வளர்ச்சி என்றால் என்ன, அது யாருக்கு வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது... வகுப்பில் இதையே பேசுவோம். மெஸ்ஸில் ஆறிப்போன சாம்பாரை முன்னால் வைத்துக்கொண்டு இதையே பேசுவோம். மாணவர் மன்றத்தில் தொண்டை கட்டும்வரை இதையே பேசுவோம். விடுதி ஜன்னலைத் திறந்தால் ஷிப்ட் பேருந்துகள் வரிசையாகப் போகும். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் அந்தப் பெண்கள்மீது எங்களைவிட அக்கறை கொண்டவர்கள் உலகத்திலேயே இல்லை என்று நம்பினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

இரண்டாம் ஆண்டில் களப்பணி வந்தது. ஆளுக்கு ஓர் ஊர், ஓர் ஊரில் ஒரு வீடு. அங்கேயே தங்க வேண்டும். எனக்கு வாய்த்தது வல்லம் வடகால் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சகாயமேரியின் வீடு.

மேரிக்கு என் வயதுதான். கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. எதிர் வீட்டு ரோசியும் அதே லைன். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேரி கொண்டுபோகும் சோற்றை ரோசி தின்பாள். ரோசியின் டப்பா மேரிக்கு. ஏன் இந்தப் பண்டமாற்று என்று கேட்டேன். “எங்கம்மா சமையல நான் துன்றதுக்கு அவ துன்னா நல்லாகீது” என்றாள் மேரி. நான் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்ததால் இருவரும் எனக்கு ‘டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. இரவு ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி வண்டி, பெருஞ்சாலை முனையிலேயே அவர்களை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊர்வரை விளக்கில்லாத பாதை. ஒரு பக்கம் முள்காடு, மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். வண்டி ஊருக்குள் வர வேண்டும். அவ்வளவுதான்! ஆனால் ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் அத்தோடு அவள் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் என்ன செய்வார்கள்? அதைத்தான் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில் உட்கார்ந்து பேசினார்கள். பூசைக்கு வராத இந்து வீட்டுப் பெண்களும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்வார்கள். என்னையும் நடுவில் உட்கார வைத்தார்கள்.

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஊராரையே அழைத்து, தரையில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்வோம். வெள்ளையில் தெருவும் வீடும். பயமான இடம் சிவப்பு. நிம்மதியான இடம் மஞ்சள். தன் ஊரைத் தன் கையால் வரைபவர் மனதில் இருப்பதெல்லாம் தரைக்கு வந்துவிடும் என்பது பாடம். உண்மைதான், வந்துவிட்டது! முனையிலிருந்து வரும் பாதை முழுவதும் மேரி சிவப்புப் பொடியைக் கொட்டினாள். கடைசியில் ரோசி குனிந்து, சமையல் கொட்டகையைச் சுற்றி மஞ்சளில் ஒரு வட்டம் போட்டாள்.

மேரி தயங்கினாள். “இத்த வெளியாள் பாத்தா வம்பு டீச்சர்.”

“யார் பெயரையும் போட மாட்டேன். ஊர்ப் பெயர்கூட இருக்காது” என்றேன்.

“நீ சொன்னா சரிதான்” என்றாள்.

பெயர்களை மறைத்துவிட்டால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள்... அப்படித்தான் எனக்குக் கற்பித்திருந்தார்கள். இல்லை, பழியை ஏன் அவர்கள்மேல் போடுகிறேன்? அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆண்டு முடிவில் எங்கள் வளாகத்தில் களப்பணிக் கண்காட்சி நடந்தது. அரங்கத் தரையில் அவரவர் ஊரை அவரவர் மீண்டும் கோலப்பொடியில் போட வேண்டும். முந்தைய நாளெல்லாம் மண்டியிட்டு வரைந்தோம். முட்டிகள் எரிந்தன, சிரிப்பும் பாட்டுமாக அரங்கமே கலகலத்தது. சுற்றுவட்டாரக் கம்பெனி அதிகாரிகளையும் விருந்தினர்களாக அழைப்பது வழக்கம். படித்து முடித்தவர்களில் சிலருக்கு அங்கே வேலை கிடைக்கும் அல்லவா?

என் வரைபடத்தில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் ஏரி இருந்தது, கோயில் இருந்தது, சாலையின் அந்த வளைவு இருந்தது. தினமும் அந்த வழியாகக் காரில் போகிறவனுக்குப் பெயர் எதற்கு?

ஒருவர் என் வரைபடத்தின் அருகே வெகுநேரம் நின்றார். மரியாதையான மனிதர். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். அதன் பட்டை மட்டும் கழுத்தில் தெரிந்தது. அந்தப் பட்டையின் நிறம் எனக்குத் தெரியும். மேரி வீட்டு ஆணியில் தினமும் தொங்கிய அதே நிறம்.

ஆம், தெரிந்துதான் பேசினேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இதுதான்.

“இந்த மஞ்சள் வட்டம் என்னம்மா?”

“பெண்கள் கூடும் இடம் சார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு.”

“ஓ... எதற்காகக் கூடுவார்கள்?”

சொன்னேன். கூட்டுக் கோரிக்கை, கூட்டுக் குரல் என்று நான் படித்த பெரிய சொற்களையெல்லாம் அடுக்கிச் சொன்னேன். அவர் தலையசைத்தார். “ரொம்ப ஆழமாகச் செய்திருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குத் தேவை” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த ஒரு பாராட்டுக்காகவா? ஆம், அதற்காகத்தான்! அன்று மாலை எனக்கு முதல் பரிசும் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் கூடியவர்களை யாரோ பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை கம்பெனி வாசலில் மேரியின் அட்டை வேலை செய்யவில்லை. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவளுக்கும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த எவளுக்குமே அந்தக் கதவு திறக்கவில்லை.

ரோசியின் அட்டைக்கு மட்டும் திறந்தது. அந்த ஞாயிறு அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

செய்தி கேட்டு ஓடினேன். மேரி அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“அவ அக்கா புருசன் காண்டிராக்டராண்ட வேல பாக்குறாரு டீச்சர். காய்ச்சலாம், காய்ச்சல். அவதான் போட்டுக் குடுத்துட்டா. அவ டப்பா சோத்த துன்னேனே நானு.”

நான் வாயைத் திறந்தேன். “மேரி, அது...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை, அழுகைதான் வந்தது. மேரியின் அம்மா என் கையில் டீ டம்ளரைத் திணித்தார். “நீ இன்னா பாப்பா பண்ணுவ? எங்களுக்காவ அழுவாத” என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் அந்த டீயைக் குடித்தேன்.

மறுநாள் சொல்லியிருக்கலாம். பட்டம் வாங்கியபின் சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் போன வேலை திரும்பி வரவா போகிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஆனால் ரோசிக்கு மேரி திரும்பக் கிடைத்திருப்பாளே! அது என் கையில் இருந்ததே...

ஊர் ரோசியோடு பேசுவதை நிறுத்தியது. கோயிலில் அவள் பக்கத்தில் யாரும் முழங்காலிடவில்லை. அவள் தானாகவே வேலையை விட்டாள். அதையும் நாடகம் என்றார்கள். மேரியின் கல்யாணப் பத்திரிகை எதிர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தக் கல்யாணத்தில் நான் மணமகளின் தோழியாக நின்றேன்! அதற்குப் பிறகு ரோசியின் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மறைமலை நகருக்குப் போய்விட்டது.

இப்போது நான் அதே நிறுவனத்தில் ஆசிரியை. களப்பணி அறம் என்ற பாடம் என்னுடையது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது என்று விளக்க, ‘ஒரு மாணவி இப்படிச் செய்தாள்’ என்று இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அந்த மாணவி என்ன ஆனாள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரியவில்லை என்பேன்.

சில வாரங்களுக்கு முன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் என்னையே பார்த்தாள். ரோசி. இளைத்துப் போயிருந்தாள்.

“டீச்சர்தானே?” என்றாள். பிறகு, “மேரி நல்லாகீறாளா?” என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறாள் என்றேன்.

அவள் கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “நான் சொல்லல டீச்சர். சத்தியமா நான் யாராண்டயும் சொல்லல. நீயாவது நம்புறியா?”

“நம்புகிறேன், ரோசி. நீ சொல்லவில்லை” என்றேன்.

அவள் உடைந்துபோனாள். ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, என் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “இத்தினி வருசத்துல நம்புறேன்னு சொன்னது நீ ஒருத்திதான். மேரியாண்ட சொல்லு டீச்சர். நீ சொன்னா அவ நம்புவா.”

சொல்கிறேன் என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.