குசினி மேடைக்குச் சாம்பல் நிறம்

நாவற்குடாவில் நாங்கள் இருக்கும் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. எனக்குக் கல்யாணமானதும் அம்மா முன் வீட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். கணவருக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தபோது, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதென்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தோம். இடமாற்றம் அம்மாவுக்குத் தெரியும். முடிவைச் சொல்வதைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் குசினியைத்தான் பார்ப்பார்கள் என்றார் கணவர். எங்கள் சீமெந்து மேடையில் மஞ்சள் கறை ஊறி, ஓரங்கள் வெடித்திருந்தன. கிரனைட் போட வசதியில்லை. நானே பெயின்ட் அடிக்கிறேன் என்றேன்.

காஸ் அடுப்பைப் பின்வளவுக் கொட்டிலுக்கு மாற்றினோம். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, சாண்ட் பேப்பரால் உரசிவிட்டுச் சாம்பல் நிறம் பூசினேன். அது காய்ந்த பிறகு சீலர் பூச வேண்டும். அதுதான் தண்ணீரையும் கறையையும் உள்ளே விடாது.

சீலரைத் திறந்த நேரம் வாவிப் பக்கமிருந்து மழை அடித்தது. சாரல் படாமலிருக்க சன்னல்களை மூடினேன். மணம் அம்மாவின் அறைக்குப் போய்விடக் கூடாதென்று கதவையும் சாத்தினேன். கண் எரிந்தது, மூச்சு முட்டியது. இடையில் விட்டால் கோடு விழுந்துவிடும் என்பதால் விடாமல் பூசினேன்.

கடைசி மூலையில் நிற்கும்போது அம்மா கதவைத் திறந்தார். மேடையைப் பார்த்தவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"என்னையும் கொண்டுபோய்க் கொழும்பில அடைச்சிருவீங்களெண்டு பயந்திட்டன் புள்ள. இவ்வளவு பாடுபட்டுச் செய்யிறாய். இனி எங்க போகப்போறாய்?"

முடிவைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. பிரஷ்ஷைத் திரும்பவும் சீலரில் தோய்த்தேன்.

"எங்கயும் போகல்லம்மா" என்றேன்.

மழை விட்டதும் அம்மா பக்கத்து வீட்டு மாமியைக் கூட்டிவந்து மேடையைக் காட்டினார். மகள் இங்கேதான் இருக்கப்போகிறாள் என்று அவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. கணவர் வேலையால் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்ப நான் மட்டும் போறன்" என்றார். குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

இப்போது அவர் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிறு திரும்பிப் போகிறார். நான் அந்த மேடையில் காய் வெட்டுகிறேன், மாப் பிசைகிறேன். சீலர் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஒரு கறை இல்லை. போன வாரம் அம்மா முன்னறைக்கும் அதே நிறம் அடிப்போமா என்று கேட்டார். பெயின்ட் முடிந்துவிட்டது என்றேன். வாங்கினால் போச்சு என்றார்.