நாற்பத்தொன்றாம் பக்கம்

2022 மார்ச் 9, புதன்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு, இருபது நிமிடத்தில் நிறுத்தினேன். பால் பாக்கெட் இரண்டு. முதுகுக்கான பயிற்சி பதினைந்து நிமிடம். குளித்து, இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, ஏழே முக்காலுக்குத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை. இதுவரை எல்லாம் அன்றைய டைரியில் இருக்கிறது. இதற்கு மேல் 'கீழ்வேளூர் சென்று வந்தேன்' என்ற மூன்று சொற்கள்தான் இருக்கின்றன. இருபத்தாறு வருடமாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் ஒரு பகலை மூன்று சொற்களில் முடிக்கிறான் என்றால், எதையோ எழுத வெட்கப்பட்டிருக்கிறான் என்று அர்த்தம். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் போனது டாக்டரம்மாவைப் பார்க்க. கீழ்வேளூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்தில், நாற்பது வருடம் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திவிட்டு மூடியவர். கணவர் காலமான பிறகு அதே கட்டடத்தின் பின்பகுதியில் தனியாக இருந்தார். சமைக்க ஒரு அம்மாள் வருவார். ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் கோயிலுக்குப் போக யாராவது அழைத்துப் போவார்கள். எனக்கு அவர் வாடிக்கையாளர். தஞ்சாவூர் கீழவாசலில் நான் வைத்திருந்தது பழைய கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் கடை. கம்பெனிகளே மறந்துபோன கார்களுக்கு, மூடிப்போன பட்டறைகளிலும் காயலான் கடைகளிலும் தேடித் தேடிச் சேர்த்த சாமான்கள். டெல்டாவில் இப்படிப்பட்ட கார்கள் எங்கே இருக்கின்றன என்று வெளியே தெரியாது. நெல் குடோனுக்குள் ஒன்று, வைக்கோல் போருக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி ஒன்று, பங்குத்தந்தை வீட்டுக் கொட்டகையில் ஒன்று. அவை எல்லாவற்றையும் நான் ஒரு ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்தேன். ஊர்ப் பெயர் வரிசைப்படி, ஒரு காருக்கு ஒரு பக்கம். உரிமையாளர், வண்டியின் நிலை, எந்தத் தேதியில் என்ன மாற்றினேன், காகிதங்கள் யார் பெயரில், யாரிடம் பேச வேண்டும். மொத்தம் அறுபத்து நான்கு பக்கம். பக்க எண்களைச் சிவப்பு மையில் நானே போட்டிருந்தேன்.

டாக்டரம்மாவின் கார் சாம்பல் நிறம், சின்னது, இங்கிலாந்தில் செய்தது. அந்தக் காலத்தில் அவர் அதை ஓட்டிக்கொண்டுதான் பிரசவம் பார்க்கப் போனார். பாதை எதுவரை இருக்கிறதோ அதுவரை கார், பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு. நடவு நாட்களில் சேற்றில் மாட்டினால், வயலில் நிற்கிற ஆட்களே வந்து தள்ளிவிடுவார்களாம். "இந்தப் பின்சீட்டுலயே மூணு பேரு பொறந்திருக்காங்க தம்பி. அதுல ஒருத்தன் இப்ப என்னைப் பாத்தா வணக்கம் சொல்ல மாட்டேங்கிறான். தாசில்தாராம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் பழகிய காலத்தில் அவர் சாலையில் ஓட்டுவதில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சென்னையிலிருந்து வந்த மகன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடும் காரும் ஏற்கனவே மகன் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தன. அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது. தினமும் காலை ஐந்தரைக்கு, கொட்டகையிலிருந்து காரை எடுத்து, ஆஸ்பத்திரி முற்றத்தில் கேட் வரைக்கும் ஓட்டி, அப்படியே பின்பக்கமாகவே கொட்டகைக்குத் திரும்புவார். நான் அளந்திருக்கிறேன், போக எழுபத்திரண்டு அடி. மகன் கேட்டபோது, "எஞ்சின் பிடிச்சுக்கிச்சுடா, இனிமே அது இரும்புதான்" என்று சொல்லிவிட்டாராம். ஓடாத கார் என்றால் புரோக்கர்களும் வர மாட்டார்கள், மகனும் விற்க நினைக்க மாட்டார். அந்தப் பொய்யை நான் பேட்டரி கொடுத்தும் பிரேக் ரப்பர் கொடுத்தும் ஏழு வருடம் காப்பாற்றினேன்.

முதல் தடவை பேட்டரி மாட்டிய அன்று, சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். "தம்பி, இது ஓடும்னு எனக்குத் தெரியும், சமைக்கிறவளுக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும். நாலாவது ஆளு வேணாம்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டாக்டரம்மா. வேணும்னா சத்தியம் பண்றேன்."

"சத்தியமெல்லாம் எதுக்கு? டீயக் குடிங்க, ஆறுது."

கிளம்பும்போது ஒரு காகிதத்தில் மகனின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். "ஒரு நாள் ஸ்டியரிங்கப் பிடிச்சபடியே நான் போயிட்டேன்னா, சமைக்கிறவ பயந்துருவா. உங்களுக்குத்தான் போன் பண்ணுவா. நீங்க இவனுக்குச் சொல்லிருங்க." அன்று மாலை அதையும் எழுதினேன். நாற்பத்தொன்றாம் பக்கம். 'எஞ்சின் நல்ல நிலை. உரிமையாளரின் தாயார் தினமும் ஓட்டுகிறார். மகனுக்குத் தெரியாது. மகனின் எண்' என்று எழுதி, அந்தப் பத்து இலக்கங்களையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் அதைக் காகிதத்திடம் சொன்னதாக எனக்குத் தோன்றவே இல்லை. எழுதுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.

முதுகுத்தண்டில் வட்டு விலகி, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று ஆனபோது கடையை விற்பது என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மிக மரியாதையாகப் பேசினார். அலமாரிகளைப் பத்து நிமிடம் பார்த்தார். ரிஜிஸ்டரை ஒன்றரை மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, விரலை வைத்துப் படித்தார். "சார், இப்படி ஒரு ரிஜிஸ்டர நான் எங்கயும் பாத்ததில்லைங்க. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. எப்படி சார்?" என்றார். என் மனைவி கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் எழுத்தை வீட்டில் ஒரு வியாதியாகத்தான் பேசுவார்கள். பிறகு அவர் சொன்னார்: "சாமானெல்லாம் ரெண்டாம்பட்சம் சார். எனக்கு இந்த நோட்டுதான் வேணும். முழுசா வேணும்."

அது முந்தைய வருடம் நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. திங்களன்று ஒப்படைப்பது என்று பேச்சு. நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பூட்டிய கடைக்குள் மேஜையில் ரிஜிஸ்டரை விரித்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தின் தையலோரம் பிளேடை வைத்தேன். அவர் வண்டி வாங்கி விற்கிறவர் என்பது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அந்த நோட்டை அவர் எதற்காகக் கேட்கிறார் என்பதும் தெரிந்தது. பிளேடை வைத்த பிறகு யோசித்தேன். இந்தத் தாளைக் கிழித்தால் பின்னால் நாற்பத்திரண்டாம் பக்கமும் போகும். முன்னால் உள்ள அட்டவணையில் இரண்டு ஊர்கள் நிற்கும், உள்ளே பக்கம் இருக்காது. நாற்பதுக்குப் பிறகு நாற்பத்து மூன்று. சனிக்கிழமை அப்படி வியந்தவர் திங்களன்று புரட்டிப் பார்த்து, 'என்ன சார், இங்க ரெண்டு பக்கம் இல்லையே' என்று கேட்பார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. இதுதான் உண்மை. விலை குறைந்துவிடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் விலை ஏற்கனவே பேசி முடித்தாயிற்று. ஓட்டை விழுந்த ரிஜிஸ்டரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு முதியவளின் எழுபத்திரண்டு அடியை, பக்க எண் வரிசைக்காக விட்டுக்கொடுத்தேன். பிளேடை உறையில் போட்டேன். எல்லாரிடமுமா போகப்போகிறார், அறுபத்து நாலு பக்கத்தில் இது அவர் கண்ணில் படுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைய டைரியில் இருப்பது: 'ரிஜிஸ்டர் சரிபார்த்தேன். முழுமையாக உள்ளது.'

மார்ச் முதல் வாரத்தில் சமைக்கிற அம்மாள் போன் செய்தார். "சார், வண்டிய ஏத்திட்டுப் போயிட்டாங்க. அம்மா, மிச்சம் கெடக்குற சாமான நீங்களே வந்து எடுத்துக்கச் சொல்றாங்க." அதற்காகத்தான் அந்தப் புதன்கிழமை பஸ் ஏறினேன். வழியெல்லாம் தாளடி அறுப்பு முடிந்து, சாலையில் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒவ்வொரு குவியலுக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்காது, நான்தான் காரணம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று திருவாரூர் வரை எண்ணிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பிஸ்கட் டின். நான் ஏழு வருடத்தில் கொடுத்த ஸ்பேர்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நான் நூலில் கட்டிய சீட்டு, என் கையெழுத்து, தேதி.

"வாங்க தம்பி. முதுகு எப்படி இருக்கு?"

"பரவால்லைங்க டாக்டரம்மா."

"குனிஞ்சு எடுக்காதீங்க. உக்காந்து எடுங்க." பிறகு, அதே குரலில்: "என் பையன் போன்ல ஒரு போட்டோ காட்டினான். உங்க நோட்டு. வண்டி வாங்குன ஆளு அவனுக்கு அனுப்பியிருக்கான். கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுக்கப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பல்பு மாத்துன தேதி கூட இருக்கு."

டின்னிலிருந்த ஒரு சீட்டின் நூலை இறுக்கிக் கட்டினேன்.

"ஒரே ஒரு தப்புதான். கடைசியா எழுதுன எடத்துல எனக்கு வயசு எண்பத்தொண்ணுன்னு போட்டிருக்கீங்க. இப்பவே எண்பதுதான். டிசம்பர் வந்தாத்தான் எண்பத்தொண்ணு."

சமைக்கிற அம்மாள் கதவருகில் நின்றபடி வேறு பக்கம் பார்த்தார். மகன் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அழுதான். வண்டி போனதுக்கில்ல. ஏழு வருசமா நான் அவன்கிட்ட பொய் சொன்னதுக்கு. கண்ணு தெரியாத கிழவி கேட்டுல முட்டிச் செத்திருந்தா என்ன பண்றதுன்னு கேட்டான். அவன் கேட்டதுல தப்பு இல்ல தம்பி."

அப்போதுதான் பிளேடைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. தெரியாமல் நடந்துவிட்டது என்று அவர் எண்ணிக்கொள்ள விட்டிருந்தால் நான் தப்பித்திருக்கலாம். தையலோரம் வைத்தேன், எடுத்துவிட்டேன் என்றேன்.

"ஏன் எடுத்தீங்க?"

"பக்க எண் விட்டுப் போயிடும்னு, டாக்டரம்மா."

அவர் என்னைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற பார்வை. பிறகு சொன்னார்: "வயித்துல இருக்குறது யாரோடதுன்னு எத்தனை பொண்ணுங்க என்கிட்ட சொல்லியிருக்கு தெரியுமா? இந்த ஊர்லயே எத்தனை. கேஸ் ஷீட்டுல வயசு எழுதுவேன், எடை எழுதுவேன், ரத்த வகை எழுதுவேன். அத மட்டும் எழுத மாட்டேன். நானும் உங்கள மாதிரி ஒழுங்காத்தான் எழுதுவேன் தம்பி."

வெளியே கொட்டகை திறந்து கிடந்தது. உள்ளே எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் தரை. அதில் ஒரு கோழி நின்றது. நான் டின்னை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

"அந்த நோட்டுல மொத்தம் எத்தனை பேரு?"

"உங்களோட சேத்து அறுபத்து நாலு."

"நோட்டு கைமாறிடுச்சுன்னு மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப என் முன்னாடி உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றார். கோபம் இல்லை. நேரமாகிறது என்று பிரசவ அறையில் நர்ஸிடம் சொல்வது மாதிரி. டின்னை எடுத்துப்போகச் சொன்னார். நான் எடுக்கவில்லை. சமைக்கிற அம்மாள் கேட் வரை வந்து, "கோவிச்சுக்காதீங்க சார். காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியாம முத்தத்துல நடக்குறாங்க" என்றார். நான் கோபித்துக்கொள்ளக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே எனக்கு அதிகமாக வலித்தது.

ரிஜிஸ்டர் இப்போது என்னிடம் இல்லை. ஆனால் அதை எழுதியவன் நான். வரிசை மனப்பாடம், நம்பர்கள் போனில் இருக்கின்றன. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் இதற்குள் எத்தனை வீட்டுக்குப் போயிருப்பார், எவர் எதை யாரிடம் மறைத்து வைத்திருந்தார் என்று பக்கம் பக்கமாக ஞாபகம் வந்தது. தம்பிக்குத் தெரியாமல் அண்ணன் வைத்திருந்தது, கடன்காரனுக்குத் தெரியாமல் ஒருவர் வைத்திருந்தது. எல்லாம் நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

மறுநாள் வியாழக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஒன்றாம் பக்கத்துக்காரரான அம்மாப்பேட்டை ரைஸ்மில்காரருக்குப் போன் செய்தேன். முகப்பு விளக்கின் வளையம் ஒன்று வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தவர். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார்! சொல்லுங்க சார், கெடைச்சிருச்சா?" என்றார்.

"இல்லைங்க" என்று ஆரம்பித்தேன்.