மாடி வீட்டு கிரேஸியின் உரம்

எங்கள் மாடியில் குடியிருக்கும் கிரேஸியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி ஞானம்பாள், "உள்ளதை உள்ளபடி எழுதுங்க. உங்க பக்கத்துல நடந்ததையும் விட்டுராதிய" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் விடமாட்டாள். அதனால் என் பக்கத்து மானக்கேட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் நெல்லையப்பன். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தச்சநல்லூரில் சொந்த வீடு. கீழே நாங்கள், மேலே வாடகைக்கு. நாங்கள் சைவம். முட்டைகூட வாசல்படி தாண்டி வந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு கிரேஸி வீடு கேட்டு வந்தாள். சொந்த ஊர் உவரி, அப்பா சிலுவை கடலுக்குப் போகிறவர், கணவர் டெனிஸ் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார் என்றாள். அவளுக்கு எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. மகள் ரெனிஷாவும் அங்கேதான் படிக்கப் போகிறாள்.

உவரி என்று கேட்டதுமே என் முகம் மாறியிருக்க வேண்டும். "மீன், கருவாடு எதுவும் மேல சமைக்கக் கூடாது. வாடை வந்தா அன்னைக்கே காலி பண்ணிரணும்" என்றேன்.

"சமைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்கு முன்னால் பதினோரு வீட்டில் ஏறி இறங்கியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்த ஒரு மாதத்தில் அவளுடைய கூத்துகள் ஆரம்பமாயின. ஆரஞ்சுத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு மூன்று மாதம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் தரை துடைத்தாள். பூந்திக்கொட்டையைப் பொடி பண்ணிப் பாத்திரம் விளக்கினாள், அதுவும் முற்றிய பீர்க்கங்காய் நாரை வைத்து. எண்ணெய் வாங்கத் தூக்குச்சட்டியோடு போனாள். மாவுக்கடையில் கவர் வேண்டாம் என்று சொல்லிச் சம்படத்தை நீட்டினாள். மொட்டைமாடியில் காய்கறிக் கழிவுக்கு ஒரு மண்பானை, அதைச் சுற்றிக் கத்தரி, தக்காளி, கீரைத் தொட்டிகள். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா, அத்தனை குப்பியிலும் தேதி ஒட்டியிருக்கும்.

"என்னம்மா, வீட்டையே ஆய்வகமா ஆக்கிட்ட போல?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"எங்க அப்பா வலைய இழுத்தா மீனோட கவரும் வரும் அண்ணாச்சி. சில நாளு கவருதான் கூட இருக்கும். சின்னப் பிள்ளைல நான்தான் உக்காந்து பிரிச்சுப் போடுவேன். அதுலருந்து கவரைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்றாள்.

நான் சிரித்தேன். ஞானம்பாள் சிரிக்கவில்லை. ஆறே மாதத்தில் எங்கள் வீட்டிலும் பீர்க்கங்காய் நார் தொங்கியது. கடையில் வாங்கும் சோப்புத்தூளால் வருஷக்கணக்காக வெடித்துக் கிடந்த அவள் விரல்கள் ஆறிவிட்டன. அதற்குமேல் நான் என்ன பேசுவது?

இப்போது என் கதைக்கு வருகிறேன். முன்வாசலில் எனக்கு நாலு தொட்டி நந்தியாவட்டையும் இரண்டு செம்பருத்தியும் உண்டு. தினமும் விடிந்ததும் பறித்துப் பூசைக்கு வைப்பேன், மிச்சத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோவேன். போன பங்குனி வெயிலில் எல்லாம் சுருண்டுவிட்டன. ஒரு மொட்டுகூட இல்லை. மேலே போய்ப் பார்த்தால் கிரேஸியின் கத்தரிச்செடி காய் தாங்காமல் சாய்ந்து கிடக்கிறது! அவள் ஒரு குப்பியிலிருந்து தேன் நிறத்தில் எதையோ ஒரு மூடி அளந்து, ஒரு பூவாளித் தண்ணீரில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கனிந்த பழவாசனை அடித்தது.

"எனக்கும் கொஞ்சம் குடும்மா."

"இது உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. இதுல வந்து..."

"கொடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்துவிட்டேன். என்னிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை என்பது ஞானம்பாளின் நாற்பது வருஷக் குறை. மறு வாரமும் கேட்டேன். "வேற உரம் தாறேன், இது மட்டும் வேண்டாம்" என்றாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தண்ணீர்த்தொட்டியைப் பார்க்கப் போகிற சாக்கில், வாரம் ஒருநாள் அவள் பள்ளிக்கூடம் போனபிறகு, அந்தக் குப்பியிலிருந்து இரண்டு மூடி திருடினேன். மின்வாரியத்தில் ஒரு கம்பித்துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன் நான்.

பூத்தது பாருங்கள்! வைகாசியில் செடி முழுக்க வெள்ளை. ஆனித் திருவிழாவுக்குக் கூடை கூடையாகக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். "அண்ணாச்சி கைராசி" என்று தெருவே சொன்னது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆடி முதல் வாரம் போனபோது குப்பி காலி. பக்கத்தில் ஒரு கறுப்பு கேன் இருந்தது. இதிலிருந்துதான் வடிக்கிறாள் போல என்று மூடியைத் திருகினேன். வெல்லப்பாகுக்குள் இருந்து ஒரு மீன் தலை என்னைப் பார்த்தது. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து தலை.

எப்படிக் கீழே வந்தேன், எத்தனை வாளி ஊற்றிக் குளித்தேன் என்று தெரியாது. சாயங்காலம் கிரேஸி வந்ததும் நடையிலேயே நிறுத்திக் கத்தினேன். அவள் பதறிப்போனாள்.

"சமைக்கக் கூடாதுன்னுதான சொன்னிய அண்ணாச்சி, நான் சமைக்கலியே. இது மீன் அமிலம், செடிக்கு. வண்ணார்பேட்டை மீன்கடைல தலையும் குடலும் சாக்கடைல கொட்டுதாங்க, அது கடைசில ஆத்துக்குத்தான போவும்? மண்ணுக்காவது ஆகட்டுமேன்னு வெல்லம் போட்டு மூடி வச்சேன். வாடையே வராது."

"ஒரு மாசத்துல காலி பண்ணிரு" என்றேன்.

அவள் கண் கலங்கியது. ஆனாலும் ஒன்றும் கெஞ்சவில்லை. அந்தக் கேனை அன்றே அப்புறப்படுத்தினாள். தினமும் பள்ளி முடிந்ததும் வீடு பார்க்கப் போனாள். எங்கே போனாலும் "நீங்க என்ன ஆளுக? மீன் சமைப்பீகளோ?" என்ற கேள்விதான். கிடைத்த ஒரே வீடு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. டெனிஸ் ஊரில் இல்லாத நாளில் ரெனிஷாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படி என்று ஞானம்பாளிடம் புலம்பியிருக்கிறாள்.

நானோ பூப் பறிப்பதையே நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் ஞானம்பாள் பிடித்துக்கொண்டாள்.

"பூ ஏன் பறிக்கல? முதல்ல, அந்தக் கேனை நீங்க எதுக்குத் திறந்திய?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "திருவிழாவுக்குமா கொண்டுபோனிய?" என்று கேட்டு மறுபடியும் சிரித்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. களவாண்டது நீங்க. வீட்டைக் காலி பண்ணுறது அவளா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரெனிஷா வந்து நின்றாள். ஏழு வயது. பொம்மைகளைக் கட்டி எடுத்துப்போக அட்டைப்பெட்டி வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஏட்டி, உங்க அம்மா என்னத்துக்கு அவ்வளவு மீன் வாங்குனா?" என்று கேட்டேன்.

"அது செடிக்குத் தாத்தா. எங்களுக்கு இல்ல" என்றாள். "எங்களுக்கு லீவுல உவரிக்குப் போனாத்தான். நான் ஒருவாட்டி கேட்டு அழுதேன், அம்மா திட்டிட்டாங்க."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. கடற்கரையில் பிறந்தவள், பை நிறைய மீன் தலையைச் சுமந்துவந்து செடிக்குப் போட்டிருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு துண்டு பொரித்துக் கொடுக்கவில்லை. மூன்று வருஷம்! என் ஒரு வார்த்தைக்காக. நான் அவளுடைய ஒரு வார்த்தையைக்கூட முடிக்க விடவில்லை.

மாடிப்படி ஏறினேன். திருடியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கிரேஸி வாயைப் பிளந்தாள். பிறகு அவளும் சிரித்தாள், ஆனால் நான் நிற்கிறேனே என்று பாதியில் அடக்கிக்கொண்டாள்.

"நீ எங்கயும் போவாண்டாம். ஞாயித்துக்கிழமை மீன் வாங்கிச் சமை."

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி. மதினிக்கு ஆகாது."

"மதினிதான் அனுப்பிச்சா. வீட்டுக்காரன் சொல்லுதேன், சமைன்னா சமை" என்று கத்திவிட்டு இறங்கினேன். நல்லதைச் சொல்லும்போதும் எனக்குக் கத்தத்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சமைத்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாடை எனக்குத் தாங்கவில்லை. ஞானம்பாளை அழைத்துக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். கேட்டைத் திறந்ததும் ரெனிஷா படியில் தடதடவென்று ஓடிவந்தாள். வழக்கமாக என் கையைப் பிடித்துத் தொங்குகிறவள், அன்று இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள்.

"தாத்தா, நான் மீன் சாப்பிட்டேன். கை கழுவிட்டேன். உங்களத் தொடலாமா?"

யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே வளர்ந்து அவளாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நானே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, என்ன மீனு?" என்று கேட்டேன். "சாளை" என்றாள். சாளையில் முள் எடுப்பது எப்படி என்பதை எனக்கு முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை விட்டாள். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.