பச்சை விளக்கு அணைந்தது தெரியவில்லை

1. ஆயக்குடிக்கு முன்னால்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், காலை நேரம். திண்டுக்கல்–பழனி ரோட்டில் எங்கள் சோதனைக் கார் பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் பாயப் பார்த்தது. டிரைவர் சீட்டில் அந்தோணி இருந்தார். பக்கத்து சீட்டில் நான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இருப்பதுபோல என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.

கார்களுக்குத் தானியங்கி வசதிகள் செய்துதரும் நிறுவனத்தில் நான் சோதனைப் பிரிவைக் கவனித்துவந்தேன். அந்தக் கார் லேனைப் பார்த்துத் தானே ஸ்டியரிங்கைத் திருப்பும். டிரைவர் கண்காணித்துக்கொண்டிருந்தால் போதும், தேவைப்படும்போது கையில் வாங்கிக்கொள்ளலாம். அந்தோணி திண்டுக்கல்காரர். டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், எங்களிடம் டெஸ்ட் டிரைவராக வந்திருந்தார்.

ஆயக்குடிக்கு முன்னால், கொய்யாப் பெட்டி ஏற்றிய மினி லாரி ஒன்று இடது ஓரம் நின்றது. அந்தோணி ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்து அதைத் தாண்டினார். பிறகு பிடியைத் தளர்த்தினார். முன்னால் ரோடு வலப்பக்கம் வளைந்தது. கார் வளையவில்லை, நேராகப் போனது. இடது ஓரத்தில் பச்சை வேட்டிகளும் பச்சைப் புடவைகளுமாக ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

நான் என் பிரேக்கை மிதித்தேன். அவரும் மிதித்தார். டயர் தேய்ந்த சத்தத்தில் விலகப்போன ஒரு பெண் கால் தடுக்கி விழுந்தார். கார் அவர் புடவைத் தலைப்புக்குப் பக்கத்தில் நின்றது.

முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். அதற்குள் கூட்டம் காரைச் சுற்றிவிட்டது. அந்தப் பெண்ணின் கணவர் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்ப்பா, ரெண்டு பேரு உக்காந்துக்கிட்டு ஒரு வண்டிய ஓட்ட ஏலலையா?"



2. யார் தப்பு

பழனி லாட்ஜில் உட்கார்ந்து வீடியோவை அனுப்பினேன். மேனேஜர் ரகுநாதன் சென்னையிலிருந்து உடனே கூப்பிட்டார்.

"கை ஸ்டியரிங்ல சரியா இல்ல. கிளியரா தெரியுது. டிரைவர் எரர்னு ரிப்போர்ட்ட முடிச்சிடுங்க. அடுத்த மாசம் கஸ்டமருக்கு டெமோ இருக்கு."

"கைய ஏன் தளர்த்துனாருன்னு பாக்கணும் சார்."

"அது அவரு பிரச்சினை."

அந்தோணியும் அதையே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என் தப்புதான் மேடம். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன். அந்தம்மா மேல ஏறியிருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன்."

வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். மினி லாரிக்காக அவர் ஸ்டியரிங்கை ஒடித்த நொடியில், டிரைவர் வண்டியை வாங்கிக்கொண்டார் என்று சிஸ்டம் முடிவுசெய்து விலகியிருக்கிறது. சிஸ்டம் ஓட்டுவதைக் காட்டும் பச்சை விளக்கு டேஷ்போர்டில் அணைந்திருக்கிறது. பின்னாலிருந்து அடித்த காலை வெயிலில் அது கண்ணில் படாது. கூடவே ஒரு மெல்லிய மணிச் சத்தம். கூட்டத்தோடு வந்த ஆட்டோவின் ஸ்பீக்கர் பாட்டில் அது கேட்கவே இல்லை. கார் பார்த்துக்கொள்கிறது என்று அவர் நினைத்தார். அவர் பார்த்துக்கொள்கிறார் என்று கார் விட்டுவிட்டது. அந்தச் சில நொடிகள் வண்டி யாரிடமும் இல்லை.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரகுநாதனிடம் சொன்னேன். "டெமோ போச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். "சொல்றேன் சார். நீங்க ஒரு தடவ நேர்ல வாங்க" என்றேன்.

3. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு காலி ரோடு

வந்தார். சிஸ்டம் விலகும் முறையை வடிவமைத்த கார்த்திகாவையும் கூட்டிவந்தார். தொப்பம்பட்டிப் பக்கம் வீடு கட்டாத ஒரு லேஅவுட்டில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து அதேபோல ஒரு வளைவு அமைத்து, அதற்கு முன்னால் ஒரு வண்டியையும் ஓரமாக நிறுத்தினோம். ஸ்பீக்கரையும் அலறவிட்டோம். கார்த்திகா ஓட்டினார், ரகுநாதன் பின்சீட்டில்.

"சிஸ்டம் எப்ப விடுதோ, அப்ப வாய்விட்டுச் சொல்லுங்க" என்றேன்.

என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் கார்த்திகா ஓட்டினார். நின்ற வண்டியைத் தாண்டினார். ஒன்றும் சொல்லவில்லை. வளைவில் கூம்புகள் படபடவென்று பம்பரில் மோதிச் சிதறின.

கார்த்திகா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "இன்னும் ஆன்ல இருக்குன்னுதான் நினைச்சேன்" என்றார். ரகுநாதன் இறங்கி ஒரு கூம்பை நிமிர்த்தி வைத்தார். "டெமோவத் தள்ளிவைக்கச் சொல்றேன்" என்றார்.

கஸ்டமர் கத்தினார்; வேலை பல மாதம் இழுத்தது. இப்போது லேசாகத் திருப்பினால் சிஸ்டம் இடம் கொடுக்கும், ஆனால் விலகாது. விலக வேண்டுமென்றால் முதலில் ஸ்டியரிங் உள்ளங்கையில் அதிரும். டிரைவர் இறுக்கிப் பிடித்த பிறகுதான் விடும். பிடிக்காவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே லேனுக்குள் நிற்கும். அந்தோணியின் பெயரில் எந்தக் குற்றமும் எழுதப்படவில்லை. ஆனால் அவர் எங்களிடம் திரும்பி வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். "வேணாம் மேடம். நானே ஓட்டுற வண்டி போதும்" என்றார். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், 'டிரைவர் கவனமாக இருப்பார்' என்று டிசைனில் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அந்த வரியை அடித்துவிட்டுக் கேட்பேன்: கவனமாகவே இருக்கிற ஒருவருக்கு, வண்டி தன் கைக்கு வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரியும்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை வண்டியை ரோட்டில் இறக்க விடுவதில்லை.