எனக்காகப் பேசியவன்

ஆரணியில் நான் திக்குவதை யாரும் கண்டுகொள்ளாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அங்கே எல்லாருமே திக்கினார்கள். பட்டம் வாங்கி வேலை தேடியவர்கள், புடவைக் கடைச் சிப்பந்திகள், கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள், யாராக இருந்தாலும் ‘ஐ... ஐ...’ என்று முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். தமிழில் எனக்கு மட்டும் நடப்பது இங்கிலீஷில் ஊருக்கே நடந்தது. அதைப் பார்க்க சந்தோஷமாக இருந்தது என்றால் கெட்ட எண்ணம் என்பீர்கள். இருந்தது.

எங்கள் வீடு சேவூரில், தறி வீடு. தறியில் உட்கார்ந்தவனுக்குப் பேசும் வேலை அதிகம் இல்லை. தெருவில் இறங்கினால்தான் தொல்லை. அங்கே எனக்குக் கொன்னவாயன் என்று பெயர். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் முன்னால் ‘சேவூர்’ என்பதன் முதல் எழுத்து வராமல், வாய்க்கு வந்த வேறு ஊரைச் சொல்லிச் சீட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு ஏதோ மறந்துபோனவன் மாதிரி நடுவில் இறங்கிக்கொள்வேன். ஒரு நாளாவது இந்தத் தெருவே ‘கொன்னவாயனுக்கு இங்கிலீஷ் வேலையாம்’ என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்த மாடிப்படி ஏறினேன். வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்கு இல்லை.

வகுப்பு எடுத்த சார் நல்ல மனிதர். பேசுவதைப் பற்றிய சொற்களிலேயே ஒரு மாதம் எங்களைக் கட்டிப்போட்டார். தமிழில் சொல், பேசு என்ற இரண்டை வைத்துக்கொண்டு உலகத்தையே சமாளிக்கிறோம். இங்கிலீஷ்காரனுக்கு சே வேறு, டெல் வேறு, ஸ்பீக் வேறு, டாக் வேறு. ‘சே’வுக்குப் பக்கத்தில் ஆள் தேவையில்லை. ‘டெல்’லுக்கு ஆள் இல்லாமல் முடியாது. ‘ஹி ஸெட் மீ’ என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் சார் காதைப் பொத்திக்கொள்வார். ‘டாக்’ என்று தமிழில் எழுதிக்கொண்டால் நாயா பேச்சா என்று எழுதியவனுக்கே தெரியாது. விலை பேசிவிட்டு வருகிறேன் என்பதை ‘ஐ வில் ஸ்பீக் த ரேட் அண்ட் கம்’ என்று ஒருவன் சொன்னான். பெண் பேசி முடித்துவிட்டார்கள் என்பதை ‘தே ஃபினிஷ்ட் டாக்கிங் த கேர்ள்’ என்று ஒருத்தி சொன்னாள். நான் எழுதினால் தப்பு வராது. வாயைத் திறந்தால் சொல்லே வராது.

அவன் எனக்கு நேர் எதிர். விலையை ‘ஸ்பீக்’ செய்துவிட்டு வருகிறேன் என்றவன் அவன்தான். இலக்கணம் அவன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் வாய் அருவி. தப்புத் தப்பாகப் பேசிவிட்டுத் தானே சிரிப்பான், கேட்பவர்களும் சிரித்து அவனுக்கு வேண்டியவர்களாகிவிடுவார்கள். அவன் அப்பாவுக்கு டவுனில் புடவைக் கடை. வீட்டில் டெலிபோன் உண்டு. வகுப்பு முடிந்து இருவரும் டீ குடிக்கப் போவோம். அவன் பேசிக்கொண்டே வருவான், நான் அவன் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டே வருவேன். கிசுகிசுப்பாகத்தான் திருத்துவேன். குரலைத் தாழ்த்தி, மூச்சில் மட்டும் பேசினால் எனக்குத் திக்காது. இது வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு பெரிய புடவைக் கடைக்கு ஆரணியில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நெசவு தெரிய வேண்டும், இங்கிலீஷும் தெரிய வேண்டும். தறிகளுக்குப் போய்ப் புடவையைப் பார்த்து, அதைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். சாருக்குத் தெரிந்தவர்கள் வழியாக வந்த செய்தி. சார் என் பெயரைத்தான் சொல்லியிருந்தார். பேசுவது குறைச்சல், எழுதுவதுதான் அதிகம், முதலில் ஒருமுறை போனில் விசாரிப்பார்கள், அதைத் தாண்டிவிட்டால் போதும் என்றார். எங்கள் வீட்டில் போன் ஏது? அந்தக் காலத்து வழக்கப்படி பி.பி. நம்பர் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர், தெரிந்தவர் என்று யாருடைய போனையாவது நம் நம்பராகக் கொடுப்பதுதான் பி.பி. நம்பர். நான் கொடுத்தது அவன் வீட்டு நம்பர்.

சொன்ன நாளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். என் பெயரையே விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திக்குவாய்க்காரனுக்கு எதிரி அவன் சொந்தப் பெயர்தான். ‘பல்லி’ வராவிட்டால் ‘கவுளி’ என்று மாற்றிச் சொல்லலாம், பெயருக்கு மாற்று கிடையாது. மத்தியானத்துக்குச் சற்று முன்னால் மணி அடித்தது. கை நீட்டினேனா என்றுகூட நினைவில்லை.

“நீ திக்கினா அவங்க வெச்சிடுவாங்கடா. பக்கத்துல நில்லு. நான் உனக்காகப் பேசறேன்” என்றான்.

ரிசீவரை எடுத்தான். அந்தப் பக்கம் என் பெயரைச் சொல்லி விசாரித்தது எனக்கே கேட்டது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “ஸ்பீக்கிங்” என்றான்.

சார் சொல்லிக்கொடுத்த சொல்தான். போனில் ‘ஸ்பீக்கிங்’ என்றால் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தமில்லை, நீங்கள் கேட்கும் ஆள் நான்தான் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் அவன் நானாகிவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, ஒருத்தன் இவ்வளவு செய்வானா என்று. அவன் காதோடு வாயை வைத்து எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கோர்வைப் புடவையை எப்படி விளக்குவது என்று அவன் விழித்தபோது, பார்டரையும் பாடியையும் தனித்தனி நாடாவில் ஊடை நூலை ஓட்டி, நெய்யும்போதே இணைப்பது என்று அழகான இங்கிலீஷில் கிசுகிசுத்தேன். ஜரிகையில் அசலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டார்கள். அதையும் ஓதினேன். ஓர் இடத்திலும் திக்கவில்லை. அந்தப் பக்கத்துக் குரல் ‘வெரி குட், வெரி குட்’ என்றது. என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறந்த பேச்சு அதுதான், இன்னொருவன் குரலில்.

ரிசீவரை வைத்த பிறகு அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மறுபடி கூப்பிட்டு எப்போது வரவேண்டும் என்று சொல்வார்களாம். நேரில் போனால் மெதுவாகப் பேசிச் சமாளித்துவிடலாம், எழுதிக் காட்டினால் அசந்துவிடுவார்கள் என்று தைரியம் சொன்னான். அன்று சேவூர் போகும் வழியெல்லாம் நான் தரையில் இல்லை.

அதற்குப் பிறகு போன் வரவே இல்லை என்றான். போகும்போதெல்லாம் கேட்பேன். “பெரிய எடம்டா, லேட்டாத்தான் கூப்புடுவானுங்க. இன்னாத்துக்கு பேஜாராவுற?” என்பான். அந்தச் சமயம் பார்த்து அவன் வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். கடையில் வேலை என்றான். நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரு நாள் சார் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினார். வந்த வேலையை இப்படி விட்டுவிட்டாயே என்று வருத்தப்பட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பெங்களூரிலிருந்து கிடைத்த தகவலை அப்படியே சொன்னார். அவர்கள் இரண்டாவது முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவன்தான் எடுத்திருக்கிறான். ‘நீங்கள் கேட்கும் ஆளுக்கு வாய் சரியாக வராது, அன்றைக்குப் பேசியது நான், அவனுக்குத் தெரிந்துதான் பேசினேன், அவனுக்கு இதெல்லாம் ஒத்து வராது’ என்று சொல்லியிருக்கிறான். அவர்களுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அவனையே எடுத்துக்கொண்டார்கள்.

“பேசனது அவன்தானாமே, அப்படியாப்பா?” என்றார் சார்.

அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லையே. எனக்கு வாய் வராது என்பது உண்மை. பேசியது அவன் என்பது உண்மை. உண்மைகளை மட்டும் அடுக்கியே ஒருவன் இன்னொருவனை இப்படிக் கவிழ்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். அந்த நிலையிலும் அகராதி, என் புத்தி அப்படி. ‘ஸ்பீக் ஃபார்’ என்பதற்கு ஒருவனுக்கு ஆதரவாகப் பேசுவது என்றும் இருந்தது, ஒருவனுடைய இடத்தில் நின்று பேசுவது என்றும் இருந்தது. தமிழில் அவன் என்னிடம் சொன்னது ‘உனக்காக’. ‘உனக்குப் பதிலாக’ என்று சொல்லியிருந்தால் ரிசீவரைப் பிடுங்கித் திக்கித் திணறியாவது நானே பேசியிருப்பேன். அப்படியும் தோற்றிருக்கலாம். அது என் வாயால் தோற்றதாக இருந்திருக்கும். சொந்தத் தறி இல்லாதவன், கஷ்டப்படுகிறவன் இதைச் செய்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். இவனுக்கு அப்பா கடை இருந்தது, மேலே வந்து விழும் சிரிப்பும் சிநேகமும் இருந்தது. என் கிசுகிசுப்புகூட இவனுக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் அவன் அப்பா கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். நீளமாகத் திட்ட என்னால் ஆகாது, அந்த ஒன்றை மட்டும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அவன் தனியாக, மடித்த புடவைகளைப் பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை. என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

“உனக்காகத்தான் பேசனேன். அவங்களுக்கு என் பேச்சு புடிச்சிகினா நான் இன்னாடா பண்றது?” என்றான். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். “து...” என்றேன். நின்றுவிட்டது. மறுபடி “து... து...” கழுத்து நரம்பு புடைத்தது, கண் தானாக மூடிக்கொண்டது. கிசுகிசுப்பாகச் சொல்லியிருந்தால் வந்திருக்கும். அதைப் போய்க் கிசுகிசுப்பாகவா சொல்வது? அவன் பொறுமையாகக் காத்திருந்தான். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவன், நான் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் மெதுவாகக் கேட்டான்.

“துரோகின்றியா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.