முயல் ஏன் செத்தது?

வலது கால் சூம்பியும் தங்கை தையல் மிஷின் மிதித்தாள். பள்ளிக்கூடப் படி மிதிக்காமலே தையல் கடையின் தலைமைத் தையல்காரி ஆனாள். சீருடைகளில் மாணவர் பெயர்களைச் சீட்டைப் பார்த்து அப்படியே நூலில் வரைவாள். அவளுக்குப் பிடிபடாதது அவள் வளர்த்த முயலின் சாவுதான். காலையில் துள்ளியது, மதியம் விறைத்துக் கிடந்தது.

“என் நூலைத் தின்னுடுச்சாண்ணே? நான்தான் கொன்னுட்டேனா?”

“வயித்தைத் திறந்து பாக்கணும். சம்மதம்னு கையெழுத்துப் போடுங்கம்மா,” என்றார் கால்நடை மருத்துவர்.

அண்ணன் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

“என் முயலுண்ணே. நானே போடறேன்.” கத்தரிக்கோல் உறையில் தைத்திருந்த தன் பெயரைப் பார்த்து எழுதினாள்.

மாலையில் மருத்துவர் சொன்னார்: “நூல் இல்லம்மா. இதயம் நின்னுபோச்சு. ஏன்னு எனக்கும் தெரியல.”

“சும்மா நிக்குமாண்ணே?”

அண்ணன் சம்மதத் தாளின் நகலைப் பத்திரப்படுத்தினான். அவளுடைய முதல் கையெழுத்து. தேதி, 14 ஆகஸ்ட் 2009.