ஏழாவது துண்டு

என் அத்தானுக்கு வேலை செய்யும் இடத்தில் ‘சீப்பு’ என்று பெயர். வீடுகளின் பின்புறத்தில் செயற்கைப் புல் விரித்து விளையாட்டுத் தளம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். விரித்து, ஒட்டி, மணல் தூவி முடிந்ததும் மற்றவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் மட்டும் நீளத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தலை வாருவது போல, புல்லை ஒரே பக்கமாக வாரிக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வருடம் ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் தலை வாரிவிட்ட மனிதர். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நான் சொல்வதில் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெட்டவர் இல்லை. குடி கிடையாது, அக்காவை ஒரு சுடுசொல் சொன்னது கிடையாது. ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடியில் கொட்டிய ஜல்லித் தூள் எங்கேயும் இம்மிகூட ஏறி இறங்கக் கூடாது. புல் சுருள் எல்லாம் ஒரே பேட்சாக, தொழிற்சாலையில் ஒரே தடவையில் சாயம் ஏற்றியதாக இருக்க வேண்டும். பேட்ச் மாறினால் ஒரு துண்டு மட்டும் வேறு பச்சையாகத் தெரியுமாம். ஒரு வீட்டில் அப்படி ஒட்டிவிட்டதை, வீட்டுக்காரரே பரவாயில்லை என்று சொல்லியும் கேளாமல், பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக விரித்துக் கொடுத்தார். இதை அவர் ஒரு பெருமையாகவே சொல்வார்.

என் அக்கா பள்ளியில் வளையப்பந்து ஆடியவள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக வீச வேண்டும், எதிரில் இருப்பவர் அது தரையில் விழாமல் பிடிக்க வேண்டும். எதிரில் நின்றவள் பெரும்பாலும் நான்தான். ஒரு நாளும் ஜெயித்ததில்லை. கல்யாணத்தோடு ஆட்டம் போயிற்று. மகள் வேலைக்காக வெளியூர் போய் வீடு வெறிச்சென்று ஆனபோது, நாற்பத்தாறு வயதில், அத்தானிடம் வாய் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எல்லார் வீட்டுலயும் போடுறீங்க. நம்ம வீட்டுப் பின்னாடி எனக்கு ஒண்ணு போட்டுத் தாங்களேன். நானும் தங்கச்சியும் ஆடுவோம்.”

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம், விடுமுறை நாளெல்லாம் மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி, இயந்திரம் வைத்து அமுக்கினார். வலைக்கம்பம் நட்டார். ஒரு பெரிய வீட்டில் அளவு தப்பாகச் சொல்லி மிஞ்சிப்போன சுருளை, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதில் ஆறு துண்டு வந்தது. தளத்துக்கு ஏழு வேண்டும். கொட்டகையில் இன்னொரு துண்டும் கிடந்தது, ஆனால் வேறு பேட்ச். அதை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரிப்படாது என்று சுருட்டிவைத்தார். அதே பேட்ச் எங்காவது மிச்சம் கிடைக்கும், அதுவரை பொறு என்று சொல்லி, ஒட்டிய ஆறு துண்டின் மேலும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்.

ஆறு துண்டிலேயே ஆடிக்கொள்கிறோமே என்று அக்கா கேட்டாள்.

“அரைகுறைத் தரையில கால் வைக்கக் கூடாது,” என்றார் அத்தான். “வெளி ஆளுக்கே அப்படிக் குடுக்க மாட்டேன். உனக்குக் குடுப்பேனா?”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அக்கா புது வளையம் ஒன்று வாங்கி, அடுக்களைக் கதவு ஆணியில் மாட்டிவைத்தாள். நான் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்போம், திருடிகள் மாதிரி. ஒரு நாள் நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாக்கா, ஆடலாம் என்று இழுத்தேன். அவர் மனசு கஷ்டப்படும் என்று கையை விடுவித்துக்கொண்டாள். அத்தானிடமும் சண்டை போட்டேன். அவள் ஆடக் கேட்டாளா, கண்காட்சி நடத்தக் கேட்டாளா என்று கத்தினேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த மாதம் பதினான்கு தடவை வந்து போயிற்று.

ஒரு காலையில் அக்கா அடுக்களையில் பால் பாத்திரத்தோடு விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவளுக்கு மாற்றுத்துணி எடுக்க ஒரு மதியம் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் தார்ப்பாயைக் காணவில்லை. அத்தான் மண்டியிட்டு, கொட்டகையில் கிடந்த அந்த வேறு பேட்ச் துண்டை ஏழாவதாக ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் பசையிலேயே விழுந்துகொண்டிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அந்தக் கோலத்தில் இருக்கிற மனிதரிடம் என்னத்தைக் கேட்பது.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள், சக்கர நாற்காலியில் வைத்து அவளைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வலை கட்டி, மணல் தூவி, புல்லெல்லாம் ஒரே பக்கமாக வாரிவிடப்பட்டிருந்தது. அத்தான் குற்றவாளி போல நின்றார். கடைசித் துண்டு மட்டும் வேற பச்சையாப் போச்சும்மா, மன்னிச்சுக்கோ என்றார்.

அக்கா அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

“எதுங்க அது?”

அவர் போய் அந்தத் துண்டின் மேல் நின்று காட்டினார்.

“எனக்கு எல்லாம் ஒண்ணாத்தாங்க தெரியுது.”

நானும் குனிந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கண் அத்தான் ஒருவருக்குத்தான்.

அக்காவுக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் அடுத்ததைக் கேட்டாள்.

“அப்போ போன வருஷமே விரிச்சிருக்கலாமேங்க?”

அத்தான் அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் ஆணியிலிருந்த வளையத்தை எடுத்துவந்து அவளுடைய இடது கையில் கொடுத்தேன். வலைக்கு அந்தப் பக்கம் போய், பள்ளியில் நின்ற மாதிரியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். வீசினாள். வளையம் வலை வரை வரவில்லை. அவள் காலடியிலேயே விழுந்தது. அக்கா சிரித்தாள். உன் பாயிண்டுதான்டி என்றாள்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது தடவை வந்த பக்கவாதம் அவளைக் கொண்டுபோய்விட்டது. அத்தான் இன்னும் தினமும் காலையில் அந்தப் புல்லை வாருகிறார். வாருவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அந்தத் தளத்தில் இதுவரை ஆடிய ஆட்டம் அந்த ஒரு வீச்சுதான்.